கேளுங்கள், வாய்தா கிடையாது!

வக்கீல் ஆபீசுக்குள் கம்ப்யூட்டரை விடலாமா, வேண்டாமா? கடலூர் மாவட்டத்து வாசகர்கள் இந்த வாரம் இதே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பு உடனுக்குடன். கோர்ட் ஃபீ கிடையாது.

ஜூனியர் வக்கீல், சேத்தியாத்தோப்பு
கே: ஆபீசை டிஜிட்டல் ஆக்கணும். சீனியருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே அலர்ஜி. எங்கே தொடங்குவது?
ப: வாய்தா டைரியில். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், அடுத்த தேதி, எதற்காகப் போட்டிருக்கிறது என்று நாலு பத்தி போட்ட எக்செல் தாள் ஒன்று போதும். ஏ.ஐ., ஆப் எல்லாம் அப்புறம். அந்தத் தேதிகளை மொபைல் அலாரத்திலும் போடுங்கள். எக்ஸ்பார்ட்டி ஆகவிருந்த வழக்கு ஒன்றை உங்கள் மொபைல் முந்தின நாளே மணி அடித்துக் காப்பாற்றட்டும். சீனியர் அலர்ஜியை வாபஸ் வாங்கிவிடுவார்.

கரும்பு விவசாயி, சோழத்தரம்
கே: அடுத்த தேதி என்ன என்று கேட்கவே சிதம்பரத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறதே?
ப: ஏற வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க எண் உண்டு. 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, போன தேதியில் நடந்தது எல்லாம் வரும். காசு கிடையாது. 'அன்றைக்கு ஜட்ஜ் லீவு' என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது நிஜமா என்பதும் தெரிந்துவிடும். சில வக்கீல்களுக்கு அந்த எண் மட்டும் ஏன் மறந்துபோகிறது என்று இப்போது புரிகிறதா?

குமாஸ்தா, புவனகிரி
கே: கம்ப்யூட்டர் வந்தால் என் வேலை போய்விடுமா?
ப: பரணில் ஏறிக் கேஸ் கட்டைத் தேடும் வேலை போகும், முழங்காலுக்கு நல்லது. எந்த செக்‌ஷனில் யாரிடம் எப்படிப் பேசினால் நகல் மனு நகரும் என்ற வித்தையை எந்த சர்வரிலும் ஏற்ற முடியாது. ஸ்கேன் பண்ண மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தைத் தலைகீழாக ஏற்றாத குமாஸ்தாவுக்குச் சம்பளம் கூட்டிக் கேட்கும் உரிமை உண்டு.

தனியாக பிராக்டீஸ் தொடங்கியவர், குறிஞ்சிப்பாடி
கே: சின்ன ஆபீசுக்கு என்னென்ன வாங்கணும்?
ப: ஒரு லேப்டாப், தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர், யு.பி.எஸ்., டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இரண்டு ஹார்ட் டிஸ்க். அப்புறம் காசில்லாத ஒரு பொருள்: ஒழுக்கமான கோப்புப் பெயர். ஆண்டு, வழக்கு எண், வாதி பெயர், ஆவணம் என்ற வரிசையில் வையுங்கள். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ரியல் ஃபைனல்' என்று மூன்று கோப்பு இருந்தால், கோர்ட்டுக்குப் போவது நிச்சயம் நாலாவதுதான்.

கோர்ட் வாசல் டீக்கடைக்காரர், சிதம்பரம்
கே: இ-ஃபைலிங் கட்டாயம் என்றதும் வக்கீல்கள் ஏன் போராட்டத்தில் இறங்கினார்கள்?
ப: 2023-இல் கீழமை நீதிமன்றங்களுக்கு அந்த உத்தரவு வந்தபோது வக்கீல்கள் சொன்ன காரணங்கள் லேசானவை அல்ல. சர்வர் மந்தம், சின்ன ஊர்களில் வசதிக் குறைவு, கம்ப்யூட்டரில் ஏற்றியதையே தாளிலும் கொடுக்கும் இரட்டை வேலை. கோபம் நியாயம். ஆனால் 'நாளை கோர்ட் புறக்கணிப்பு' என்ற தகவல் மட்டும் ஒரு நொடியில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்குமே, எதில்? வாட்ஸ்அப்பில்!

ஓய்வுபெற்ற தாசில்தார், கடலூர் மஞ்சக்குப்பம்
கே: இ-கோர்ட்ஸ் திட்டத்துக்கு எவ்வளவுதான் செலவு செய்கிறார்கள்?
ப: 2007-இல் தொடங்கிய திட்டம். 2023 செப்டம்பரில் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 7,210 கோடி ரூபாய். அதில் 2,038 கோடி பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கே. ரெக்கார்டு ரூம் கரையான், பட்ஜெட்டுக்குக் காத்திருக்காமல் எப்போதோ வேலையை ஆரம்பித்துவிட்டது.

சட்ட மாணவி, அண்ணாமலை நகர்
கே: சாட்ஜிபிடி மனுவே எழுதித் தருகிறது. நான் எதற்கு ஐந்து வருஷம் படிக்கணும்?
ப: அது எழுதியது பொய்யா என்று பார்க்க. 2023-இல் நியூயார்க் வக்கீல்கள் அது தந்த முன்தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் கொடுத்தார்கள். அப்படி வழக்குகளே நடந்ததில்லை. 5,000 டாலர் அபராதம். 2024 டிசம்பரில் பெங்களூர் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றிலேயே இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இல்லாததைச் சொல்லி வாதாடுவது பழைய கலைதான். இதுவரை மனிதர்கள் தங்கள் சொந்தத் திறமையில் செய்துவந்தார்கள்.

அதே மாணவியின் தோழி, அண்ணாமலை நகர்
கே: அப்படியானால் ஏ.ஐ. எதற்குத்தான் உதவும்?
ப: இருநூறு பக்கக் கட்டிலிருந்து தேதிவாரிப் பட்டியல் போட, தமிழ் சாட்சியத்துக்கு ஆங்கில முதல் வரைவு எடுக்க. மும்பையின் சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் சட்ட நிறுவனம் ஒப்பந்தங்களை அலச 'கிரா' மென்பொருளை 2017-லேயே எடுத்துக்கொண்டது. ஆனால் தன் கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்பு முடிவு செய்ய ஏ.ஐ. கூடவே கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கோடு போட்டது. ஜூனியருக்குக் கொடுக்கும் வேலையை ஏ.ஐ.க்குக் கொடுங்கள். ஜூனியரை நம்பும் அளவுக்கே நம்புங்கள். டீ மட்டும் வாங்கி வராது.

நெல் விவசாயி, வளையமாதேவி
கே: 2023 ஜூலையில் நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய்க்காக எங்கள் ஊரில் பயிர் மேலேயே பொக்லைன் ஏறியதை நாடே வீடியோவில் பார்த்தது. அப்படி மொபைலில் எடுத்தது கோர்ட்டில் செல்லுமா?
ப: செல்லும், சர்டிபிகேட் இருந்தால். அது கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. சர்டிபிகேட்டில் இரண்டு பகுதி: ஒன்றை ஆவணம் தருபவரும் மற்றதை நிபுணரும் நிரப்பணும், கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் எழுதணும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே ஒரிஜினலை அழித்துவிட்டு ஃபார்வர்டு வந்ததை நீட்டாதீர்கள். நாடு நம்பினாலும் நீதிபதி ஹாஷ் கேட்பார்.

கல்லூரி ஆசிரியை, விருத்தாசலம்
கே: இணையக் குற்ற வழக்கு என்றால் வருஷக்கணக்கில் இழுக்குமாமே?
ப: இழுக்காமலும் முடித்திருக்கிறோம். யாஹூ குழுமத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்கு எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டனை கொடுத்தது. புகார் வந்த அதே வருஷம்! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை அது. அன்றைக்கு இன்டர்நெட் நொண்டியது, வழக்கு ஓடியது.

பெரியவர், வடலூர்
கே: பிள்ளைகள் வெளிநாட்டில். உயிலை மொபைலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாமா?
ப: செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தபோதே உயிலை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 2022-இல் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் திருத்தியபோதும் உயிலைத் தொடவில்லை. தாள், பேனா, இரண்டு சாட்சி, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு ஓ.டி.பி. யாருக்கு வரும், யோசித்தீர்களா?

நிலம் வாங்கப் போகிறவர், ஒரத்தூர்
கே: வில்லங்கம் பார்க்க இன்னும் வக்கீல் வேண்டுமா?
ப: பார்க்க வேண்டாம், புரிந்துகொள்ள வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டா, சிட்டாவுக்கும் தனித் தளம் உண்டு. வில்லங்கத் தளம் பதிவான பத்திரங்களைக் காட்டும். பங்காளி மனசில் இருக்கும் வில்லங்கம் எந்த சர்வரிலும் ஏறியிருக்காது.

இளம் வழக்கறிஞர், காட்டுமன்னார்கோவில்
கே: ரீல்ஸ் போட்டுக் கட்சிக்காரர் பிடிக்கலாமா?
ப: பார் கவுன்சில் விதி 36 வக்கீல் விளம்பரத்துக்குத் தடை போட்டிருக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு சொந்த இணையதளம் வைக்கலாம்: பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு, அவ்வளவே. வக்கீல்களைப் பட்டியல் போட்டுக் கூவும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்க 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 'வெற்றி நிச்சயம்' என்று பின்னணிப் பாட்டோடு வந்தால், முதல் கேஸ் நிச்சயம். பிரதிவாதி நீங்கள்.

மளிகைக் கடைக்காரர், பரங்கிப்பேட்டை
கே: வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ், வீடியோ காலில் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். நம்பலாமா?
ப: விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் கொடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. போனை வைத்துவிட்டு இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நிஜ சுப்ரீம் கோர்ட் உங்களைக் கூப்பிட்டு ஜிபே நம்பர் கேட்காது. அதன் கேஸ் பாக்கியைத் தீர்க்கவே அதற்கு நேரமில்லை.

டைப்பிஸ்ட், சேத்தியாத்தோப்பு
கே: வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனு, வேறு கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே?
ப: தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. யூனிகோடில் அடிக்க உதவும் 'தமிழ் 99' விசைப்பலகை 1999-லேயே வந்துவிட்டது. பழைய எழுத்துருவில் கிடக்கும் மனுவில் கட்சிக்காரர் பெயரைத் தேடினால் கிடைக்காது. எழுத்துரு மாற்றி மென்பொருள் இணையத்தில் இலவசம். மாற்றியபின் சர்வே எண்ணை மட்டும் ஒருமுறை கண்ணால் ஒப்பிடுங்கள். ஒரு எண் புரண்டால் பக்கத்து வயல்காரரும் வழக்கில் சேர்ந்துவிடுவார்.

தமிழாசிரியர், நெய்வேலி
கே: உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழில் படிக்க வழி உண்டா?
ப: உண்டு. 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் 2019 நவம்பரில் வந்தது. 2023 குடியரசு தினத்தன்று மொழிபெயர்த்து வெளியிட்டபோது தமிழில் 52 தீர்ப்பு, இந்தியில் 1,091. பிறகு தமிழ்க் கணக்கும் ஏறிவருகிறது. மென்பொருளுக்கு மொழி வெறி கிடையாது. முதலில் எந்தக் கட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்வது மனிதர்.

மூத்த வழக்கறிஞர், சிதம்பரம்
கே: அலமாரி நிறைய எம்.எல்.ஜே. தொகுதிகள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா?
ப: 1891-இல் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழுக்கு இந்த மரியாதையா? தேடலுக்கு அது தேவையில்லை என்பது உண்மை. உங்கள் ஊர் தீட்சிதர்கள் வழக்கில் 2014 ஜனவரி 6-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை 'இந்தியன் கானூன்' தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆனாலும் விற்காதீர்கள். வீடியோ விசாரணையில் முதுகுக்குப் பின்னால் என்ன தெரியும்?

பயந்த சுபாவி, புவனகிரி
கே: வீடியோ விசாரணையில் எதைக் கவனிக்கணும்?
ப: 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் வக்கீல் ஒருவர் திரையில் பூனைக்குட்டியாகத் தோன்றி, 'நான் பூனை இல்லை' என்று நீதிபதியிடம் சொல்ல நேர்ந்தது. ஃபில்டர் செய்த வேலை. நம் ஊருக்கு மூன்று விதி: கேமரா, மைக், வேட்டி. மூன்றையும் முன்கூட்டியே சரிபார்க்கவும்.

செக் திரும்பிய வியாபாரி, லால்பேட்டை
கே: முழுக்க ஆன்லைனிலேயே நடக்கும் கோர்ட் உண்டா?
ப: கேரளாவின் கொல்லத்தில் 2024 நவம்பரில் தொடங்கினார்கள். செக் வழக்குகளுக்கு மட்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் மனு போடலாம். செக் கொடுத்தவர் மட்டும் எந்த நேரத்திலும் ஆன்லைனில் கிடைக்க மாட்டார்.

வழக்கறிஞர், கடலூர் முதுநகர்
கே: ஆவணங்களைக் கிளவுடில் வைப்பது ஆபத்தில்லையா?
ப: 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். கடலூரில் இருந்துகொண்டு மர பீரோவை நம்புகிறீர்களே, அதைவிடவா? மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியூரில். பாஸ்வேர்டு மகள் பெயராக இருக்க வேண்டாம். விவாகரத்து மனுவை ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். புயலுக்கு முன்கூட்டியே பெயர் வைக்கிறோம், பேக்கப்புக்கு ஒரு நாள் குறிப்பதில்லை.

கட்சிக்காரர், சேத்தியாத்தோப்பு
கே: முடிவாக ஒரு வார்த்தை?
ப: தேதியை மெஷின் நினைவு வைக்கட்டும், பக்கத்தை மெஷின் தேடட்டும். மனுவின் அடியில் கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையது. அதை எந்த ஆப்புக்கும் வக்காலத்து எழுதிக் கொடுக்க முடியாது. உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். நாளைக்கே வக்கீலிடம் அந்த 16 இலக்க எண்ணைக் கேட்டு, காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். மொபைல் தொலைந்தாலும் காலண்டர் தொலையாது.