காற்றைக் கணக்கில் பிடிப்பவர்

கேள்வி: காற்றுத் தர மாதிரியாக்க வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? (வாசகர், பாயான் பாரு)

பதில்: முதல் தேவை வானிலையியல். சுமத்ராவின் சதுப்புநிலத் தீயில் எழும் புகை, தென்மேற்குப் பருவக்காற்றில் கடவுச்சீட்டு இல்லாமல் பினாங்குக்கு வந்துசேரும். அங்கே, மேற்கே மலையும் கிழக்கே கடலும் கொண்ட பாயான் பாருவில் பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. பக்கத்துத் தொழிற்பேட்டையின் புகைபோக்கி எந்த வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பும் என்பதை இந்தத் திசைமாற்றம் தெரிந்தவரே சொல்ல முடியும்.

அடுத்து வகைக்கெழுச் சமன்பாடு, புள்ளியியல், வளிமண்டல வேதியியல். கணினியில் லினக்ஸ், பைத்தான். கூடவே ஃபோர்ட்ரான்: 1957-இல் வெளிவந்த இந்த மொழிக்கு இன்னும் ஓய்வூதியம் கிடைக்கவில்லை, டபிள்யூ.ஆர்.எஃப். வானிலை மாதிரி பெரும்பாலும் அதில் எழுதப்பட்டதுதான். புகைபோக்கிப் புகை பரவுவதைக் கணிக்க ஏர்மாட் என்ற மாதிரி உண்டு.

இவற்றைவிட அரிய திறமை, திரையில் வரும் வண்ணப்படத்தை நம்பாதிருப்பது. கணிப்பை நிலைய அளவீட்டோடு ஒப்பிட்டே தீரவேண்டும். மலேசியக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் 2.5 மைக்ரான் நுண்துகள் 2018-இல்தான் சேர்ந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக்கூடாது.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கே வேலை முதலில் கிடைக்கும்.