பேட்டரி சார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தெருவுக்கு ஒரு பேட்டரி சார் உண்டு. 2012-இல் சென்னைக்கே தினம் 2 மணி நேர மின்வெட்டு என்று வந்தபோது அவதரித்த இனம். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்ட வாரம், இவர்களுக்கு வீட்டுக்கு வீடு காபி.

எங்கள் தெருக்காரர் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஒயரிங் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகவே எல்லாவற்றுக்கும் உவமை டாங்கிதான். "டாங்கியே 24 வோல்ட்லதான் ஓடுது தம்பி, உன் மிக்சி என்ன பெரிய மிக்சி?"

நான் பெரிய இன்வெர்ட்டருக்கு மாறி, இரண்டாவது பேட்டரி வாங்கிய சேதி எனக்கு முன்னால் அவருக்குப் போயிருந்தது. வந்தார். நாலு வருஷப் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் முகம் சுண்டியது. "கிழட்டு மாட்டையும் காளைக்கன்னையும் ஒரே நுகத்தடியில பூட்டுவியா? பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்." கடைக்கு மறுபடி ஓடினேன்.

"சீரியலா, பேரலலா?" என்றேன், விஷயம் தெரிந்தவன்போல. "அதை என்னைக் கேட்காதே, இன்வெர்ட்டரைக் கேள்." என்னுடையது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியையும் சீரியலில் கட்டினால் 24. அதே 800 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் பாயும், 24-இல் அதில் பாதி, ஒயர் அவ்வளவு சூடாகாது. ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். பக்கத்தில் இருந்த பூஜை விளக்கைக் கூடத்துக்கு நாடு கடத்தினார். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்குப் பக்தி கிடையாதாம். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப், மாவுக்கட்டு போட்ட கால்போல.

வேலைக்கு முன் ஒரு சடங்கு உண்டு. வாட்சையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிவிடுவார். "12 வோல்ட் ஷாக் அடிக்காதுன்னு அலட்சியமா இருப்பாங்க. மோதிரம் ப்ளஸ்ஸையும் ஸ்பேனரையும் ஒண்ணாத் தொட்டு, ஸ்பேனர் மைனஸ்ல பட்டா போதும். ஆயிரம் ஆம்பியர் பாயும். மோதிரம் பழுக்கும், விரலோட." முனைகளில் வாசலின் தடவி, ஃபேன் சுற்றுவதை ஒரு தகப்பனின் பெருமையோடு பார்த்துவிட்டுப் போனார்.

ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டல். டாங்கிக்கு அஞ்சாதவரின் முகத்தில் ரத்தமில்லை.

"தம்பி, மோதிரம்... காபி டவராவுல வச்சேன்."

டவரா எப்போதோ கழுவிக் கவிழ்த்தாயிற்று. கரண்ட் வேறு போயிருந்தது. அவர் கட்டிய பேட்டரியின் வெளிச்சத்திலேயே தொட்டிச் சல்லடை, எச்சில் குப்பை எல்லாம் துழாவினோம். இல்லை.

"வீட்ல கேட்டா, ஷார்ட் சர்க்யூட்ல உருகிடுச்சுன்னு சொல்லிடுங்க சார்."

விருட்டென்று நிமிர்ந்தார். "என் ஒயரிங்ல ஷார்ட் சர்க்யூட்டா? தொலைஞ்சுபோச்சுன்னே சொல்லி அடி வாங்கிக்கிறேன்."