வேருக்குக் கூலி பேசு தம்பி!

வா தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. தாம்பரம் தாண்டி அகரம்தென் பக்கத்து மனையில வேலிகாத்தான், அதான் சீமைக் கருவேலம், மண்டிக் கிடக்குது, அதை வெட்ட காண்ட்ராக்ட்காரர் ஒருத்தரைப் பிடிச்சிட்டியாமே? ரொம்பச் சந்தோஷம். உங்க அப்பா வாங்கிப் போட்டதோட சரி, நீங்க யாரும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலை. இத்தனை வருஷமா சம்பளமில்லாம காவல் காத்தது அந்த முள்ளுதான். இப்ப கார் கண்ணாடியைக்கூட இறக்காம பார்த்துட்டு, "க்ளீன் பண்ணணும்"கிறே. பண்ணிடலாம்.

எப்படிப் பேசி முடிக்கணும்னு யோசனை கேட்டியே, சொல்றேன். எல்லாத்தையும் போன்லயே முடிச்சுடு. வெயில்ல நின்னு இடத்தைக் காட்டாதே, கறுத்துடுவே. லொகேஷன் அனுப்பினா போதும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேல தட்டிவிட்டுடு, பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கு. சாயங்காலம் பளிச்சுனு ஒரு போட்டோ வரும். அது நம்ம மனைதானான்னு மட்டும் கேட்டுடாதே, மனுசன் மனசு நொந்துபோவார்.

அந்த மரத்தையும் லேசா எடை போடாதே. 1870-கள்ல வெள்ளைக்காரன் ஜமைக்காவுல இருந்து விதை வரவழைச்சான், கடப்பாப் பக்கம் நட்டான். விறகுக்கு ஆகும்னு வந்த மரம், பட்டா சிட்டா எதுவும் இல்லாம நம்ம ஏரி, ஓடை, பொறம்போக்கு எல்லாத்துலயும் குடியேறிடுச்சு. வேரோட பிடுங்குங்கன்னு 2017-ல ஹைகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவு போட்டுது. அந்நியச் செடிகளை ஒழிக்க 2022-ல அரசாங்கம் ஒரு கொள்கையே வெளியிட்டுது. கோர்ட்டையும் கோட்டையையும் பார்த்துட்டு இன்னும் நிக்கிற மரம், உன் ஆளோட அரிவாளைப் பார்த்தா நடுங்கிடப் போகுது?

சூட்சுமம் இங்கதான் இருக்கு. தரைமட்டத்துக்கு வெட்டிட்டா பார்வைக்கு மொட்டைத் தலையாட்டம் சுத்தமா இருக்கும். ஒரு மழை பெய்யட்டும், ஒத்தைக் கட்டை இருந்த இடத்துல நாலு கொப்பு கிளம்பும். அடுத்த வருஷம் நீயே அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, கொஞ்சம் வாங்க"ம்பே. அதனால வெட்டுறதுக்குக் கூலி பேசாதே, வேருக்குப் பேசு. தூரைச் சுத்தி ஓரடியாவது தோண்டி, கட்டையோட எடுத்தாத்தான் பாதிக் காசு கைக்கு வரும்னு சொல்லிடு. மீதிக் காசு அடுத்த மழைக்கு அப்புறம், துளிர் பார்த்துட்டு. இதைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிஞ்சார்னா வேற ஆளைப் பாரு.

ஜேசிபிக்கு மணிக்கணக்கு வாடகை. மணி எங்கிருந்து ஓடுதுன்னு கேட்டுக்கோ. கேம்ப் ரோடு சிக்னல்ல வண்டி நின்ன நேரத்துக்கும் நீ அழுதேன்னா, மனையில வேலை தொடங்குறதுக்குள்ள பாக்கெட் சுத்தமாயிடும். டிரைவர் பேட்டா யார் தலையிலன்னும் அப்பவே பேசிடு.

அப்புறம் கட்டை. நல்லா நின்னு எரியுற விறகு அது. கரி சுடுறவன் தேடி வந்து வாங்குவான். "குப்பையை நானே அள்ளிட்டுப் போயிடுறேன் சார்"னு அவர் பெரிய மனசு பண்ணும்போது, அடிமரம் லாரியில ஏறுதா, முள்ளுக் கொப்பு உன் மனையிலயே கிடக்குதான்னு பாரு. கட்டை அவருக்குன்னா கூலியில கழிக்கணும், அதுதான் நியாயம். மிஞ்சின முள்ளை ஓடையில தள்ளவும் விடாதே. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு, முடிச்சூர்ல படகு விட்டாங்க. தண்ணி போற வழியை அடைச்சா அது உன் வீட்டு வழியாத்தான் போகும்.

எல்லாத்துக்கும் முன்னாடி எல்லைக்கல்லைத் தேடு. எஃப்.எம்.பி.ங்கிற நில அளவை வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு, சர்வேயரை அளக்கச் சொல்லி, பக்கத்து மனைக்காரர் முன்னால கல்லை நடு. அதுக்கப்புறம் முள்ளுல கை வை. பக்கத்து மனைக்காரரும் நல்லவர்தான், "நமக்குள்ள என்ன சார், ரெண்டடி முன்னே பின்னே"ம்பார். முன்னே அவருக்கு, பின்னே உனக்கு. அறுபதுக்கு நாப்பது மனையில நீளவாட்டுல ரெண்டடி போனா 120 சதுர அடி. 2,400 சதுர அடி கிரவுண்டுல இருபதுல ஒரு பங்கை நமக்குள்ள விட்டுக்குடுத்துட்டு, கிரகப்பிரவேசத்துக்கு அவரை முதல் வரிசையில உக்கார வெச்சுக்கோ.

வரப்புல பனை நின்னா அதுல மட்டும் கை வைக்க விடாதே. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-லயே அரசாங்கம் சொல்லிடுச்சு. காண்ட்ராக்ட்காரர் வெட்டிட்டுப் போயிடுவார், பதில் சொல்ல வேண்டியது நீ. புதருக்குள்ள கண்ணாடி விரியன் இருக்கும். பூட்ஸும் கையுறையும் இல்லாம ஒரு ஆளையும் உள்ளே இறக்காதே. முள்ளு செருப்பைத் துளைச்சுப் போகும், அந்த வலி கூலிக்கு வந்தவனுக்குத்தான்.

காடு அழிஞ்சதும் சும்மா விட்டுட்டு அமெரிக்கா போயிடாதே. மேயுற ஆடு காயைத் தின்னுட்டு வந்து, உன் மனையில புழுக்கை போட்டே அடுத்த தோப்பை நட்டுடும். கிளுவைப் போத்தை நெருக்கமா ஊனு, நடுநடுவே நொச்சியும் கொடுக்காப்புளியும் வை. காவலும் ஆச்சு, காயும் ஆச்சு.

முடிவாச் சொல்றேன். நல்ல காண்ட்ராக்ட்காரர் தாம்பரத்துலயும் இருக்கார், கூடுவாஞ்சேரியிலயும் இருக்கார். நிலத்துக்காரன் பக்கத்துல நிக்கிற அன்னிக்கு எல்லாருமே நல்லவங்கதான். ஒரு நாள் லீவு போட்டுட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் போய் நில்லு.