அசல்காரர்

ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டி, மைசூரு–பெங்களூரு சாலையில் 'பயணா' கார் அருங்காட்சியகம் 2023-ல் திறந்ததிலிருந்து அசல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில் மாறிவிட்டது. ரங்கநாதரைச் சேவிக்க வந்த குடும்பத்தைக் கோபுர வாசலில் இறக்கிவிட்டு, தான் மட்டும் இங்கே வந்துவிடுவார். தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்டே சேர்த்த பழங்கார்கள் வரிசையாக நிற்கும். நாமெல்லாம் காரைப் பார்ப்போம். அவர் ஸ்க்ரூவைப் பார்ப்பார். ஸ்க்ரூத் தலையில் ஒற்றைக் கோடு என்றால் முகம் மலரும். கூட்டல் குறி என்றால் போச்சு. 1930-களிலேயே அமெரிக்கக் கார்களில் கூட்டல் குறி வந்துவிட்டதே என்று யாராவது சொன்னால், "அமெரிக்காக்காரன் ஆயிரம் பண்ணுவான்" என்பார்.

அவருடையது 1966 அம்பாசடர் மார்க் 2. ஸ்டியரிங்கிலேயே கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.

"சார், முன்னாடி மட்டும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம். இப்ப ரோடு வேற மாதிரி" என்றார் மெக்கானிக் பாய்.

"உத்தரபாரா ஃபேக்டரியிலே போட்டானா?"

"போடலை சார்."

"அப்புறம் நீ யாருய்யா போட?"

1992-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசு எஞ்சினும் ஐந்து கியருமாக அம்பாசடர் விற்றது. அந்த எஞ்சினைத் தன் பழைய வண்டிக்குள் இறக்கி, பவர் ஸ்டியரிங்கும் வைத்து, குடகு மலையில் ஜாலியாக ஏறி இறங்கும் நண்பர் ஒருவர் உண்டு. அந்த நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மவர் மொய் மட்டும் அனுப்பினார்.

கதவு விவகாரம்தான் உச்சம். டிங்கரிங் முடிந்து வந்தபோது, விரலால் தள்ளினாலே கதவு 'டொக்'கென்று சாத்திக்கொண்டது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்; இவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரே தள்ளலில் சாத்தினால் அது என்ன அம்பாசடர்? பாயைக் கூப்பிட்டுக் கீலைத் தளர்த்தச் சொன்னார். இப்போது இரண்டு முறை ஓங்கிச் சாத்த வேண்டும். சிரிக்கலாம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. ஃபேக்டரியே கனவு காணாத பளபளப்பையும் நேர்த்தியையும் ஏற்றிவிட்டு அதை 'அசல்' என்று சொல்லும் ஆட்கள்தான் ஊரில் அதிகம்.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தபோது தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றாத வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' எழுத்துப் போட்ட நம்பர் பிளேட். அந்த விதி அவருக்கு மனப்பாடம். அதில் எதையெல்லாம் சொல்லவில்லை என்பது அதைவிட மனப்பாடம்.

டைனமோ கூட்டுக்குள் ஒளிந்திருப்பது ஆல்டர்னேட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயின்ட் கிடையாது, எலக்ட்ரானிக் இக்னிஷன். வால்வு ரேடியோ முகப்புக்குப் பின்னால் புளூடூத். அதில் காலையில் சுப்ரபாதம், மாலையில் பங்குச் சந்தை. இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம் டயரும் ரேடியலாகிவிட்டது. "அந்தக் காலத்து டயர் இப்ப எங்கே கிடைக்குது?" என்று அதற்கு மட்டும் பகிரங்கமாகத் துக்கப்படுவார். கண்ணுக்குத் தெரிந்தால்தான் பாவம் என்பது அவர் சித்தாந்தம்.

போன சித்திரையில், 'பயணா' வாசலிலிருந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னார். தூசு சீட்டுக்கு ஆகாதாம். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்காலில் சில்லென்றது.

"என்ன சார், ஏசியா?"

"சேச்சே! இது தீவாச்சே. ரெண்டு பக்கமும் காவிரி. அந்தக் காத்துதான்."

"கண்ணாடியெல்லாம் மூடியிருக்கே?"

"1966-ல அப்படித்தான் கட்டினான்" என்றபடி, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக் காவிரியை ஒரு திருகு குறைத்தார்.