ஜெர்சி வேண்டுமா? டிகிரி எங்கே?

ஸ்டீஃபன் கரி கல்லூரிப் படிப்பை முடித்தவரா, பாதியில் விட்டவரா? ஹாஸ்டலில் பந்தயமே நடக்கிறது. (மதுரை மாணவர்)

இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகப் போங்கள். 2009-ல், மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு, ஒரு வருடத்தைப் பாக்கி வைத்துவிட்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குப் போனார். 2022 மே மாதம் பாக்கியைத் தீர்த்து, சமூகவியலில் பி.ஏ. பட்டம் வாங்கினார். 13 வருட அரியர்! இடையில் மூன்று சாம்பியன் கோப்பைகள், இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. பட்டம் கிடைத்த அடுத்த மாதமே நாலாவது கோப்பை.

பாயின்ட் கார்டு என்கிறார்களே, அவருக்கு என்ன வேலை? (ஈரோடு)

ஐந்து பேரில் பந்தை எதிரணிப் பக்கம் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே ஓடணும், யார் கைக்கு எப்போது பந்து போகணும் என்று முடிவெடுக்கிறவர். கல்யாணப் பந்தியில் வாளியைத் தொடாமலே ‘அந்த இலைக்கு ரசம், இந்த இலைக்கு அப்பளம்’ என்று கண்ணாலேயே ஆள் அனுப்புவாரே பெரியப்பா, அவர்தான். தானும் உட்கார்ந்து ஒரு பிடி பிடிக்கத் தெரிந்த பெரியப்பா என்றால் அது கரி.

அப்பா டெல் கரியே பெரிய ஆட்டக்காரர். சிபாரிசில் நல்ல யூனிவர்சிட்டியில் சீட் கிடைத்திருக்குமே? (திண்டுக்கல்)

அதுதான் கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் படித்து, ஆடிப் பெயர் வாங்கியது விர்ஜினியா டெக்கில். அப்பா கூடைப்பந்து, அம்மா வாலிபால். பையனும் அங்கே போகத்தான் ஆசைப்பட்டார். ‘ஸ்காலர்ஷிப் கிடையாது, வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து டீமோடு சேர்ந்து பயிற்சி செய்யட்டும்’ என்கிற தோரணையில் பதில் வந்தது. பையன் ஒல்லி, குள்ளம் (அமெரிக்கக் கூடைப்பந்து கணக்கில் ஆறடி குள்ளம்தான்). மற்ற பெரிய இடங்களும் கண்டுகொள்ளவில்லை. வடக்கு கரோலினாவில் டேவிட்சன் என்கிற சின்ன ஊரின் சின்னக் கல்லூரிக்குத்தான் கடைசியில் போனார். பயிற்சியாளர் பாப் மெக்கிலப். ரத்த சொந்தம் இருக்கிற இடத்தில் சிபாரிசு செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கைவசம் இல்லை.

டேவிட்சன் எப்படிப்பட்ட கல்லூரி? சின்னக் கல்லூரி என்றால் மார்க் தாராளமாகப் போடுவார்களோ? (விழுப்புரம்)

தப்புக் கணக்கு. 1837-ல் பிரெஸ்பிட்டேரியன் சபையினர் ஆரம்பித்தது. மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துக்குள். நம் ஊரில் ஒரு கலைக் கல்லூரியின் காலை ஷிஃப்ட் கூட்டம் இதைவிட அதிகம். படிப்பில் கறார். ஆனால் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் கிடையாது! செமஸ்டர் தேர்வை எந்த நாளில் எழுதுவது என்பதை மாணவரே குறித்துக்கொள்ளலாம். ‘காப்பியடிக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேன்’ என்று சேரும்போதே கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் விசாரிப்பதும் மாணவர்கள்தான். இன்னொரு விசேஷம்: கரி படித்த காலத்தில் மாணவர்களின் அழுக்குத் துணியைக் கல்லூரியே துவைத்து மடித்துக் கொடுத்தது. 2015-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பிட் அடிக்கச் சுதந்திரம், துணி துவைக்க ஆள்... இரண்டையும் படிக்கிறபோது என் கல்லூரி நாட்கள் கண்ணில் நீர் வரவழைக்கின்றன.

முதல் மேட்சிலேயே பின்னியெடுத்திருப்பாரே? (நாகர்கோவில்)

பின்னலில் தானே சிக்கினார். 2006 நவம்பர், ஈஸ்டர்ன் மிச்சிகனோடு முதல் ஆட்டம். எடுத்த புள்ளிகள் 15. எதிராளிக்குத் தாரை வார்த்த பந்துகள் 13. ஒரு முழு அணி ஓர் ஆட்டத்தில் தொலைக்கிற அளவை இவர் ஒற்றை ஆளாகச் சாதித்தார். மெக்கிலப் உட்கார வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அடுத்த ஆட்டம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு: 32 புள்ளிகள். அந்த சீசன் முடியும்போது சராசரி 21.5. நாட்டிலிருந்த முதலாண்டு மாணவர்களில் அவருக்கு மேலே ஒருவர்தான் இருந்தார், கெவின் டுரான்ட். பின்னால் இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடி இரண்டு கோப்பை வாங்கியது தனிக் கதை.

2008 மார்ச் என்றால் டேவிட்சன்காரர்கள் இன்றும் உருகுகிறார்களாமே, அப்படி என்ன நடந்தது? (சென்னை-33)

உருகட்டும், நியாயம் இருக்கிறது. தேசிய கல்லூரிப் போட்டி நாக்-அவுட். தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். முதல் சுற்றில் கொன்சாகாவோடு கரி 40 புள்ளி, அதில் 30 இரண்டாம் பாதியில். அடுத்து பெரிய கை ஜார்ஜ்டவுன். ஒரு கட்டத்தில் 17 புள்ளி பின்தங்கி, இரண்டாம் பாதியில் கரி மட்டும் 25 எடுக்க, 74-70 என்று ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம் டெட்ராய்ட்டில். கல்லூரியின் டிரஸ்டிகள் மாணவர்களுக்கு பஸ், டிக்கெட், ஹோட்டல் எல்லாம் தங்கள் செலவில் ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். நிர்வாகமே பஸ் பிடித்துக் கொடுத்து மேட்ச் பார்க்க அனுப்பிய கல்லூரி! விஸ்கான்சினை 73-56 என்று துவைத்ததை கேலரியில் உட்கார்ந்து லெப்ரான் ஜேம்ஸ் பார்த்தார்.

கடைசியில் கான்சஸ். 57-59, சுமார் 17 விநாடி பாக்கி, பந்து டேவிட்சன் கையில். அரங்கம் முழுக்கத் தெரியும், கரிதான் எறிவார் என்று. கான்சஸுக்கும் தெரியும். இரண்டு பேர் ஓடி வந்து மறித்தார்கள். கரி ஒரு பக்கம் போனார், நின்றார், பந்தை உயர்த்துவது போலப் போக்குக் காட்டினார். கை தூக்க இடமில்லை. தனியாக நின்ற ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குத் தள்ளிவிட்டார். ரிச்சர்ட்ஸ் தூரத்திலிருந்து எறிந்தது பலகையில் பட்டுப் போயிற்று. கான்சஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் தரையில் மண்டியிட்டுவிட்டார். அந்த வருட சாம்பியன் கான்சஸ்தான்.

அந்தக் கடைசிப் பந்தை கரியே எறிந்திருக்க வேண்டாமா? பயந்துவிட்டாரோ? (தேனி)

அன்று அவர் எறிந்த 25-ல் உள்ளே விழுந்தது 9. இரண்டு பேர் மேலே தொங்கும்போது இருபத்தாறாவதை எறிவது வீரம் இல்லை. தனியாக நின்றவரும் சாதாரண ஆள் அல்ல, அணியின் பாயின்ட் கார்டு, அந்த சீசனில் நாட்டிலேயே அதிகமாகப் புள்ளிக்கு வழிசெய்து பாஸ் கொடுத்தவர். சரியான பாஸ். சரியாகச் செய்ததெல்லாம் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யார்?

ரிச்சர்ட்ஸ்தான் பாயின்ட் கார்டு என்றால், கரி என்னவாக ஆடினார்? (தேனி வாசகரே, தபால் செலவை மிச்சம் பிடித்து அதே கவரில்)

நல்ல கேள்வி, மிச்சம் பிடித்தது வீண் போகவில்லை. முதல் இரண்டு வருடம் கரி, பாஸ் வாங்கி எறிகிற வேலையில் இருந்தார். 2007-08-ல் 162 மூன்று புள்ளி எறிகள் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து விழுபவை), அன்றைக்கு அது தேசிய கல்லூரி சாதனை. ரிச்சர்ட்ஸ் படித்து முடித்துப் போனதும், மூன்றாம் வருடம் பாயின்ட் கார்டு பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதே வருடம் ஆண்கள் ஆட்டத்தில் அந்த மூன்று புள்ளிக் கோட்டை ஓரடி பின்னுக்குத் தள்ளினார்கள். புது வேலை, தள்ளிப்போன கோடு. சராசரி 28.6 எடுத்து நாட்டிலேயே முதலிடம். பாஸ் கணக்கும் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் பாருங்கள், அந்த வருடம் டேவிட்சனுக்குப் பெரிய போட்டியில் இடமே கிடைக்கவில்லை.

ஒரு மேட்சில் முட்டை வாங்கினாராமே? (கரூர்)

2008 நவம்பர், லயோலா-மேரிலேண்ட் அணியோடு ஆட்டம். எதிரணிக் கோச் ஒரு யோசனை செய்தார்: கரி எங்கே போனாலும் இரண்டு பேர் கூடவே ஒட்டிக்கொள்வது. பந்து கையில் இல்லாவிட்டாலும்! கரி என்ன செய்தார்? ஓரமாகப் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் கூடவே போய்க் காவல் நின்றார்கள். மீதி மைதானத்தில் டேவிட்சன் நாலு பேர், லயோலா மூன்று பேர். ஸ்கோர் 78-48. கரிக்கு பூஜ்யம், அணிக்கு 30 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. அவர் கல்லூரியில் எடுத்த மொத்தம் 2,635 புள்ளிகளைவிட எனக்கு இந்த முட்டையின் மேல்தான் மரியாதை.

இன்னும் ஒரே வருடம். முடித்துவிட்டே போயிருக்கலாமே? என் மகனாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், கோபிக்காமல் கேளுங்கள். கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அந்தக் கட்டு தளர்ந்தது 2021 ஜூலையில்தான். ஒரு வருடம் கூடுதலாக ஆடி முழங்கால் போனால் டிகிரிதான் மிஞ்சும். பாதிப் பயம், பாதி ஆசை, போனார். ஏழாவதாக எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஐந்தாவதும் ஆறாவதும் தேர்வு செய்யும் உரிமை மினசோட்டாவிடம் இருந்தது. இரண்டிலும் பாயின்ட் கார்டையே எடுத்தார்கள். இரண்டும் கரி இல்லை! அந்த ஊர் ரசிகர்கள் முன் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அப்படியிருக்க, 34 வயதில் கோடீஸ்வரருக்கு பி.ஏ. எதற்கு? (சேலம்)

அம்மாவுக்கும் மெக்கிலப்புக்கும் கொடுத்த வாக்கு என்பது ஒன்று. இன்னொன்று, கல்லூரியின் பிடிவாதம். டேவிட்சனில் பட்டம் வாங்காத யாருடைய ஜெர்சி எண்ணையும் ஓய்வு கொடுத்துக் கூரையில் ஏற்றுவதில்லை. உலகமே 30-ஆம் எண் சட்டையைக் காசு கொடுத்து வாங்கியது; அந்தச் சட்டை பிறந்த கல்லூரியின் கூரையில் மட்டும் அது இல்லாமல் இருந்தது. ‘நம்ம பையன்தானே, ஏற்றிவிடுவோம்’ என்று ஒரு கமிட்டி கூடித் தீர்மானம் போட எத்தனை நேரமாகும்? 13 வருடம் போடாமல் இருந்தார்களே, எனக்கு அதுதான் அதிசயம். கரி திரும்பி வந்ததை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். நான் என் கைதட்டலை அந்த விதிப் புத்தகத்துக்கே வைத்துக்கொள்கிறேன்.

கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துக் கதையை முடித்திருக்கலாமே? (பெயர் வேண்டாம், சென்னை)

ஊர் எழுதாவிட்டாலும் இந்த யோசனையிலேயே ஊர் தெரிந்திருக்கும்.

கடைசியில் என்ன எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினார்? (திருச்சி, ஆராய்ச்சி மாணவி)

விளையாட்டு வழியாக ஆண்-பெண் சமத்துவம் என்பது ஆய்வுப் பொருள். உங்கள் துறை என்றால் இதைக் கவனியுங்கள்: ஆண் ஆட்டக்காரர் 19 வயதில், பள்ளி முடித்து ஒரு வருடம் போனால் என்.பி.ஏ.வில் நுழையலாம். அமெரிக்கப் பெண் தொழில்முறை லீகுக்குப் போக, தேர்வு நடக்கும் வருடத்தில் 22 வயது ஆக வேண்டும், இல்லாவிட்டால் படிப்பு முடிந்திருக்க வேண்டும். அயோவாவின் பாயின்ட் கார்டு கெய்ட்லின் கிளார்க் நாலு வருடமும் இருந்து 3,951 புள்ளிகள் எடுத்தார். ஆண், பெண் இருபாலிலும் முதல் டிவிஷனில் அதுவரை யாரும் எடுக்காதது. மார்க்கெட்டிங் பட்டமும் வாங்கினார். 2024-ல் லீகில் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். விளம்பர வருமானம் தனி, அது வேறு உலகம். ஆனால் அவரளவு ஆண் ஒருவர் முதல் மாதத்திலேயே அந்தச் சம்பளத்தைத் தாண்டியிருப்பார். பெண்கள் நிறைய பேர் பட்டத்தோடு வெளியே வந்ததற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை. ஓடிப்போகிற அளவுக்கு வெளியே பணம் இருந்ததில்லை.

இப்படித் திரும்பி வந்து படித்த பாயின்ட் கார்டுகள் வேறு யாராவது? (புதுச்சேரி)

ஐசையா தாமஸ். இந்தியானாவுக்கு 1981-ல் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டே வருடத்தில் கிளம்பியவர். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1987-ல் பட்டம் தயார்; மகனுக்கோ பிளே-ஆஃப் ஆட்டம். அம்மாவே விழாவுக்குப் போய் வாங்கி வந்தார். கிறிஸ் பால் வேக் ஃபாரஸ்டை விட்டுப் போனவர், 2022 டிசம்பரில் வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட்டில் முடித்தார். கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட பல்கலைக்கழகம் அது, அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். போகாமலே முடித்தவர் ஜெரமி லின்: ஹார்வர்டில் பொருளாதாரம், 2010. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே கிடையாது. என்.பி.ஏ. தேர்வில் ஒருவரும் அவரைச் சீந்தவில்லை. இரண்டு வருடத்தில் நியூயார்க்கையே ஆட்டிவைத்தார்.

ஒரே நாளில் பட்டமளிப்பும் முக்கியமான மேட்சும் வந்தால் என்ன செய்வது? (கோவை)

வின்ஸ் கார்ட்டரைக் கேட்க வேண்டும். பாயின்ட் கார்டு இல்லை, ஆனால் கதை நல்ல கதை. 2001 மே 20, காலையில் வடக்கு கரோலினாவில் பட்டமளிப்பு விழா. விமானம் ஏறி மாலையில் டொரான்டோ அணிக்காகப் பிலடெல்பியாவோடு ஏழாவது, கடைசி ஆட்டம். கடைசி விநாடியில் அவர் எறிந்தது விழவில்லை. ஒரே புள்ளியில் தோல்வி, 87-88. ‘காலையில் ஊர் சுற்றினால் இப்படித்தான்’ என்று டொரான்டோவில் பேசாத வாயில்லை. விழுந்திருந்தால் எல்லாப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இன்றைக்கு அந்தக் கதைதான்.

கரிக்காகத் தனியாக ஒரு பட்டமளிப்பு விழா நடத்தினார்களாமே, இது மட்டும் வி.ஐ.பி. கவனிப்பு இல்லையா? (வேலூர்)

மடக்கிவிட்டீர்கள். மே மாத விழாவின்போது அவருக்கு பிளே-ஆஃப். ஆகவே ஆகஸ்ட் 31 அன்று கல்லூரியின் பெல்க் அரங்கில் கரி ஒருவருக்காக விழா. கறுப்பு அங்கி, தொப்பி, பட்டம், கூடவே கல்லூரியின் புகழ் அரங்கத்தில் இடம், 30-ஆம் எண் கூரைக்கு. ஆயிரக்கணக்கில் கூட்டம். வேலை நிமித்தம் மே விழாவைத் தவறவிட்ட வேறு மாணவருக்கு இப்படிப் பந்தல் போடுவார்களா? மாட்டார்கள். பட்டத்துக்குச் சலுகை தரவில்லை, மேடைக்குத் தந்தார்கள். அந்த மட்டில் நான் கண்டுகொள்ளாமல் விடுகிறேன். நீங்கள் விட வேண்டாம், அடுத்த வாரமும் எழுதுங்கள்.