கைமாறிய கார், கைமாறாத ரகசியம்

கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறமாக அமைந்த அடி அண்ணாமலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய கார் வாங்கியோர் வழக்கமாக எழுப்பும் வினாக்களும், அவற்றுக்குரிய விடைகளும்.

கேள்வி: செங்கம் சாலையில் எழுபதில் பறக்கும் கார், கிரிவலப் பாதையில் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்தால் மட்டும் கொதிக்கிறது. விற்றவரோ, "இது அக்கினித் தலம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: திருவண்ணாமலை ஐம்பூதத் தலங்களுள் அக்கினித் தலம் என்பதில் ஐயமில்லை, ஆயினும் அந்த அக்கினி ரேடியேட்டருக்குள் இறங்கிவிட்டதாக முடிவு கட்டும் முன், அதன் பின்னால் உள்ள மின்விசிறி சுழல்கிறதா என்று குனிந்து பார்ப்பது சைவ நெறிக்கு விரோதமன்று. இன்ஜினின் சூட்டை ஏந்திவரும் கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது, கார் வேகமாகச் சென்றால் எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடுகிறது. ஊர்ந்து செல்கையில் எதிர்க்காற்று கிடைக்காமையால், சூட்டை அறியும் சென்சார் தகவல் தர, ரிலே என்னும் சிறு மின் இணைப்பான் விசிறியை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே நெடுஞ்சாலையில் சாதுவாகவும் நெரிசலில் சினமாகவும் விளங்கும் காரில், முதலில் ஐயுற வேண்டியவை விசிறி, ரிலே, சென்சார் ஆகிய மூன்றுமே. அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு அன்று. சோதனை ஓட்டத்துக்கு விற்பவர் செங்கம் சாலையைத் தேர்ந்தெடுத்ததன் உட்பொருளும் இப்போது விளங்கும்.

பெருஞ்செலவு வேறொன்றில் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருந்தால், அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் சிறிது வளைந்து, அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் விட்டுப்போயிருக்கக்கூடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வருதல், இன்ஜின் சூடேறிய பின்னரும் வெள்ளைப் புகை நிற்காமை, ஆயில் மூடியின் அடியில் மோர் படிந்தது போன்ற வெளுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். மழைக்காலத்தில் குறுந்தூரமே ஓடும் காரிலும் ஆயில் மூடியில் இலேசான வெளுப்பு தோன்றுவது உண்டு என்பதால், அந்த ஒன்றை மட்டும் கண்டு சண்டைக்குக் கிளம்புவது முறையன்று. கொதித்த காரின் ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது எக்காலத்தும் முறையன்று; அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

கேள்வி: வாங்கப் போனபோது இன்ஜின் பூப்போல ஓடியது. வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, கூடவே கடகட ஓசை. ஒரே இரவில் கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டது முன்பே, தெரிந்ததுதான் மறுநாள். தேய்ந்த பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் எரிந்தால் புகை நீலமாகும் (எரிபொருள் மிகுந்தால் கறுப்பு). இக்குறைகள் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்கு வெளிப்படும் என்பதை அறிந்த விற்பனையாளர், வாடிக்கையாளர் வருவதற்கு அரை மணி முன்பே இன்ஜினை ஓடவிட்டு, தேவைப்பட்டால் கெட்டியான ஆயிலையும் ஊற்றிவைப்பார். ஆதலால் பழைய கார் பார்க்கச் செல்பவர், விற்பவரின் கையைக் குலுக்கும் முன் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது சாலச் சிறந்தது. அது சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு அன்று மாலை மீண்டும் வரலாம்.

கேள்வி: சென்னைக் கார், ஒரே உரிமையாளர், விலையும் கொள்ளை மலிவு. வாங்கி நான்கு மாதம் ஆன பிறகு ஜன்னல் கண்ணாடி தானே இறங்குகிறது, ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஏ.சி. போட்டால் குளத்து வாசனை வருகிறது. இது என்ன மாயம்?

பதில்: குளத்து வாசனை வருவதற்குக் காரணம், அந்தக் கார் ஒருமுறை குளத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதுதான். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன; 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களையே நனைத்துவிட்டமையால், ஐயத்தைச் சென்னையோடு நிறுத்திக்கொள்வதும் இனி நியாயமாகாது. காரின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டை மிஞ்சும் செலவில்தான் பழுதுபார்க்க முடியும் என்றால், காப்பீட்டு நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று தீர்த்துவிடுகிறது. தீர்ந்தது கணக்கு மட்டுமே, கார் தீர்வதில்லை. சிதைபொருளாக ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, சாம்பிராணி காட்டப்பட்டு, வெள்ளமே அறியாத வேறோர் ஊரில் அது மறுபிறவி எடுக்க வழியிருக்கிறது.

மூழ்கிய கார் வாங்கிய அன்று ஒழுங்காக ஓடுவதே இதிலுள்ள பெருங்கேடு. இருக்கைக்கு அடியிலும் டேஷ்போர்டுக்கு உள்ளேயும் இருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் செப்பு முனைகளில் சேற்றுநீர் தங்கி, பச்சைக் களிம்பு மெல்ல மெல்லப் பிடித்து, மாதங்கள் கழித்தே ஒவ்வொன்றாக இணைப்பு அறுகிறது. இதற்கு மெக்கானிக் தேவைப்படாத சோதனைகள் உண்டு: சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தெரியும், சீட் நகரும் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி டயருக்கு அடியில் படிந்த வண்டல், ஹெட்லைட்டுக்குள் மூட்டம், தரைவிரிப்புக்குக் கீழே பஞ்சின் ஈரம் ஆகியவற்றை எவ்வளவு கைதேர்ந்த வாட்டர்வாஷும் முழுவதும் போக்காது.

காப்பீட்டுத் தாளிலும் ஒரு தடயம் கிடக்கிறது. முந்தைய ஆண்டில் இழப்பீடு கோராதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்னும் தள்ளுபடி 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும்; "ஆறு வருடமாக ஒரு கீறல் இல்லை" என்று சத்தியம் செய்யப்படும் காரின் தாளில் அந்த இடத்தில் சுழியம் இருந்தால், அச்சுழியத்தின் வரலாற்றைக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: பத்து வருடக் கார்; மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான். பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி என்றார்கள்.

பதில்: தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை ஓட்டிய டாக்டர்கள் அத்தனை பேரும் உண்மையாயின், மாநிலத்தில் மருத்துவர் பற்றாக்குறை எப்போதோ நீங்கியிருக்கும். டிஜிட்டல் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது இப்போது ஒரு லேப்டாப் வேலை. ஆனால் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்தோல், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் ஆகியவற்றுக்கு லேப்டாப் தெரியாது. நிறுவன சர்வீஸ் நிலையத்தின் பதிவுகளில் ஒவ்வொரு வருகையின்போதும் ஓடிய தூரம் குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும், அதாவது 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 38,000 கிலோமீட்டரே ஓடிய காருக்கு நான்கு டயரும் இரண்டாம் முறை மாறியிருப்பின், டாக்டர் வீட்டுக்கு வீடு சென்று வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். அல்லது அது டி-போர்டு டாக்சியாக உழைத்து, பின்னர் ஓன்-போர்டாக மாற்றப்பட்டதாக இருக்க வேண்டும்.

கேள்வி: நான்கு டயரிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியும் கியர்பாக்ஸ் ஓசை போகவில்லை. விற்பனைக்கு வருவதெல்லாம் ஏன் இப்படியே இருக்கின்றன?

பதில்: ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இவ்வினாவுக்கே 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார், தற்செயலாக அதன் தலைப்பிலும் எலுமிச்சை உண்டு, ஏனெனில் பழுதான காரை அந்நாட்டார் அப்பெயரால்தான் ஏசுவர். காரின் உண்மை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாக் கார்களுக்கும் சராசரி விலையே தருவார். அவ்விலைக்கு நல்ல காரைத் தர மனமில்லாதவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவற்றின் தரம் இறங்க, விலையும் மீண்டும் இறங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அற்பமான பொருள் என்று இதழ்கள் திருப்பியனுப்பிய அக்கட்டுரை, பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. கியர்பாக்ஸ் ஓசைக்கு அதில் மருந்து இல்லை. ஆயிலின் அளவைப் பார்க்கவும்.

கேள்வி: குறையை மறைத்து விற்றவர் மீது வழக்குப் போட முடியுமா? "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று கேட்கிறார்.

பதில்: அவர் கேட்பது வெறும் எகத்தாளம் அன்று, சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. பொருள் விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவின்படி, தரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாங்குபவரே என்பது பொது விதி. கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரம் கேட்டு வாங்கினால் மட்டும், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்னும் உட்கிடையான நிபந்தனை சேர்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: வாங்குபவர் காரைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே மாமாவை அழைத்துச் சென்று, மாமா டயரை இரண்டு உதை உதைத்து, "வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று சான்றளித்துத் திரும்பும் அரைப் பரிசோதனை, பழுதையும் கண்டுபிடிக்காமல் உரிமையையும் குறைத்துவிடக்கூடும். பார்ப்பதாயின் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் மாட்டி, கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கை வைத்து முழுமையாகப் பார்த்து, அறிக்கையை எழுத்தில் வாங்க வேண்டும்.

மறைத்தலுக்கும் சொல்லாமல் விடுதலுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆம் பிரிவு, தெரிந்த உண்மையைச் செயலால் மறைப்பதை மோசடி என்கிறது. வெறும் மௌனத்தை, பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி அல்லது மௌனமே பேச்சுக்கு ஒப்பானாலன்றி, மோசடி என்பதில்லை. மௌனமே உபதேசமாக விளங்கிய ரமணரின் ஊரில் இது விந்தையாகத் தோன்றலாம்; ஆயினும் கார் புரோக்கரின் மௌனத்திலிருந்து உபதேசம் பெறச் சட்டம் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. எச்சரிக்கை விளக்கின் இணைப்பைப் பிடுங்கியது, மீட்டரைத் திருப்பியது போன்றவை செயல்கள். அவற்றை மெய்ப்பிக்க முடிந்தால், ஒப்பந்தத்தையே நீக்கக் கோரலாம்.

வியாபாரியிடம் வாங்கியவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை நாடலாம். முறையீட்டாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், சென்னையில் வாங்கிய காருக்குத் திருவண்ணாமலையிலேயே முறையிட வழியுண்டு; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணமும் இல்லை. பக்கத்துத் தெருக்காரரிடம் வாங்கியவருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. அவர் வியாபாரி அல்லர், ஆகவே உரிமையியல் நீதிமன்றமே கதி, அதோடு தெருவில் எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பும் சிரமமும் சேரும்.

எவ்வழியாயினும், குறை தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே: காரை நிறுத்திவிட்டு, காணொளி எடுத்து, சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேன் அறிக்கையும் செலவு மதிப்பீடும் எழுத்தில் பெற்று, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று மாதக்கணக்கில் ஓட்டியவர் காரை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார்; அதன்பின் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே நிற்கும். கழற்றிய பாகங்களை மெக்கானிக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வழக்கில் வாய் திறந்து பேசும் சாட்சி அந்த வளைந்த ஹெட்தான்.

கேள்வி: இவ்வளவு அலைச்சல் எதற்கு? வந்த விலைக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட்டால் என்ன? ஆர்.சி. புக் இன்னும் பழையவர் பெயரிலேயே இருக்கிறது, வசதியாகப் போயிற்று.

பதில்: மேலே கூறிய 17-ஆம் பிரிவு, முதல் விற்பனைக்கு மட்டும் பொருந்தும், இரண்டாம் விற்பனைக்கு விலக்கு என்று எங்கும் சொல்லவில்லை. ஆர்.சி. பற்றிய வசதி அதைவிட ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பழையவருக்கு இது எட்டினால், அவர்தாம் இப்போது இவரைத் தேடி அடி அண்ணாமலைக்கு வருவார்.

விற்பதாகவே முடிவெனில், பெயரை முதலில் மாற்றிக்கொண்டு, தெரிந்த குறைகளையெல்லாம் டெலிவரி நோட்டில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்துப் பெற்று விற்கலாம். விலை சற்று இறங்கும், உறக்கம் இறங்காது. அந்த நோட்டில் தேதியோடு மணியையும் குறிக்க வேண்டும், ஏனெனில் அன்று மாலையே புதியவர் சிவப்பு விளக்கைத் தாண்டினால் சலான் பழைய பெயருக்குத்தான் வரும். "அப்போது வண்டி கையில் இல்லை" என்று சொல்ல, குறித்துவைத்த அந்த மணியே சான்று.