நள்ளிரவைத் தாண்டும் மின்மினி

கேள்வி: கோல சிலாங்கூர் மின்மினிகள் ஒளிரும் நேரத்தைக் குறிக்க வட்ட வரைபடம் எதற்கு? நேர்க்கோடு போதாதா?

பதில்: நேர்க்கோடு நள்ளிரவில் அறுந்துவிடும், மின்மினி அப்போதும் ஓய்வதில்லை. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் அவை இருட்டியதும் மின்னத் தொடங்கி, நள்ளிரவைக் கடந்தும் மின்னுகின்றன. இரவு 11 மணிக்கு ஒரு பதிவு, 1 மணிக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டால், 23-உம் 1-உம் கூட்டி இரண்டால் வகுக்க 12 வரும். நண்பகல்! மின்மினிக்கு இதைவிட அநியாயம் வேறில்லை.

வட்டத்தில் ஒரு மணிக்கு 15 பாகை. 11 மணி 345-இல் நிற்கும், 1 மணி 15-இல் நிற்கும். இரண்டையும் மையத்திலிருந்து புறப்படும் அம்புகளாகக் கொண்டு சராசரி கண்டால், நள்ளிரவு பிசகாமல் கிடைக்கும். சராசரி அம்பு நீண்டிருந்தால் பதிவுகள் நெருக்கமானவை, குறுகினால் சிதறியவை.

வட்டம் 24 மணிக்கானதாக இருப்பது கட்டாயம். 12 மணி வட்டத்தில், விடியலுக்கு முன் 5 மணிக்குப் பால்மரம் வெட்டுவதும் மாலை 5 மணிப் பந்தாட்டமும் ஒரே இடத்தில் விழும்.

ஒவ்வொரு மணிக்குமான பதிவுகளின் எண்ணிக்கையை வட்டத்தில் ஆப்புத் துண்டுகளாக வரைந்தால் கண் பரப்பையே அளக்கும். எனவே ஆரம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். 1858-இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட போர்க்கால இறப்பு வரைபடமும் பரப்பால்தான் பேசியது.

ஆற்றின் ஏற்றவற்றத்துக்கு மட்டும் இந்த வட்டம் உதவாது. அது நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், சில வாரப் பதிவுகள் வட்டம் முழுக்கப் பரவிவிடும்.